முத்துவை வெளியே கூட்டிக்கொண்டு போனபோது

என் பாம்பு முத்துவை முதன்முதலாக வெளியே கூட்டிக்கொண்டு போன அன்று அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தேன். பூங்காவில் ஒரு வளைவு திரும்பியதும் எதிரே ஒரு அம்மா வந்தார். இடையே நாலடி கூட இருக்காது. அவர் அலறவில்லை. கையிலிருந்த பை நழுவி விழுந்தது, முகம் வெளுத்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய் அவரைத் தூக்கிவிட ஓடினேன், கழுத்தில் பாம்போடு. நான் நெருங்க நெருங்க அவர் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். "தம்பி, கிட்ட வராதே" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

முத்து ஒரு பால் பைத்தான். இந்தப் 'பால்' குடிக்கிற பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வாழும் மலைப்பாம்பு இனம். விஷம் கிடையாது. நன்றாக வளர்ந்தாலும் பெரும்பாலும் நாலைந்து அடிதான். கூடவே செவ்வந்தி என்று ஒரு கார்ன் ஸ்நேக்கும் என்னிடம் உண்டு, அதுவும் விஷமில்லாத பாம்புதான். ஆரஞ்சு நிறம், விரல் தடிமன், ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது. இரண்டையும் குட்டியிலிருந்து வளர்க்கிறேன். இரண்டுமே வளர்ப்பிடத்தில் முட்டையிட்டுப் பொரித்தவை. காட்டில் பிடித்த பாம்பையோ விஷமுள்ள பாம்பையோ மனிதர்கள் நடுவே கொண்டுபோவதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதைச் செய்யவே கூடாது.

அன்று எனக்கு இருந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். பாம்பை ஒருமுறை பக்கத்தில் பார்த்துவிட்டால் பயம் போய்விடும், பயம் போனால் கண்ட இடத்தில் அடித்துக் கொல்ல மாட்டார்கள் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஆனால் பார்க்கலாமா வேண்டாமா என்று அந்த அம்மா முடிவு செய்ய நான் ஒரு நொடி கூடத் தரவில்லை. பூங்கா எனக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு அவருக்கும் சொந்தம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று தெரிந்த மொழியில் வளர்ந்துவிட்டு, நடுங்குகிறவரைப் பற்றி நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த நடுக்கத்தின் வேர் ஆழமானது. 2017-இல் ஜெர்மனி, ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளைப் பெற்றோர் மடியில் உட்கார வைத்துப் படங்கள் காட்டினார்கள். பூவையும் மீனையும் பார்த்தபோது விரிந்ததைவிட, பாம்பையும் சிலந்தியையும் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் கண்மணி அதிகமாக விரிந்தது. பேச்சு வராத, யாரும் பயமுறுத்தியிராத வயது. அதற்காகப் பயம் முழுக்கப் பிறவியிலேயே வருகிறது என்றும் சொல்லிவிட முடியாது. 1980-களில் சூசன் மினேக்கா என்ற உளவியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இருக்கின்றன. ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு நடுங்குவதைச் சிலமுறை பார்த்ததும் அவையும் நடுங்கக் கற்றுக்கொண்டன. பயப்படாத குரங்கு ஒன்று பாம்பருகில் சும்மா இருப்பதை முன்கூட்டியே பார்த்திருந்த குரங்குகளோ, பின்னால் மிரண்ட குரங்கைப் பார்த்தும் பெரும்பாலும் மிரளவில்லை.

இதைப் படித்த பிறகு ஒரு பழக்கம் வந்தது. குழந்தைகள் பார்க்க வந்தால், கூட வந்திருக்கும் பெரியவரிடம்தான் முதலில் பேசுகிறேன். "உங்களுக்கு எப்படி? பயமாக இருந்தால் சொல்லுங்கள், தப்பே இல்லை" என்று கேட்பேன். அம்மாவோ அப்பாவோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் குழந்தை பாம்பைப் பார்ப்பதில்லை, அவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. அந்த மாதிரி நேரத்தில் முத்துவைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டேன். உரித்த சட்டை ஒன்றை எப்போதும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், அதைக் கொடுப்பேன். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியது, கண் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி. பாம்புக்கு இமை கிடையாது, கண்மேல் தெளிவான செதில் ஒன்றுதான் மூடியிருக்கிறது, சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்து உரிகிறது. அந்தச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில் பெரியவர்களும் பயத்தை மறந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மனிதர்களைத் தப்பாகப் புரிந்துகொண்டது போலவே பாம்பையும் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். இது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம்.

ஆரம்ப நாட்களில் முத்துவைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். பத்துப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினாலும் அசையாது, அவ்வளவு சாது என்பேன். அந்த மாதங்களில் அது இரையெடுப்பதை நிறுத்தியது. பால் பைத்தான் நடுநடுவே வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும் இனம்தான், அதனால் முதலில் கவலைப்படவில்லை. ஒருநாள் வீட்டில் அது தானாக வெளியே வந்து என் முன்கையில் ஏறியபோதுதான் வித்தியாசம் உறைத்தது. நாக்கு நிற்காமல் வெளியே வந்து வந்து போனது. தலை மெதுவாக இடமும் வலமும் திரும்பியது. உடம்பின் பிடி தளர்ந்தும் இறுகியும் கைமேல் ஊர்ந்தது. கூட்டத்தில் இருந்தபோது இது எதுவுமே இல்லை. நாக்கு வெளியே வரவே இல்லை. கழுத்து உள்ளே இழுத்திருந்தது, உடம்பு இறுகியிருந்தது, மூச்சு வேகமாக இருந்தது. அது அமைதியாக இருக்கவில்லை, பயத்தில் உறைந்துபோயிருந்தது. அசையாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் வெளியே எடுக்காமல் விட்டேன். பிறகு பழையபடி சாப்பிட்டது.

அதிலிருந்து நாக்குதான் எனக்கு அளவுகோல். பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள வாசனைத் துகள்களை எடுத்து, வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பிடம் கொடுக்கிறது. நாக்கு நிதானமாக வந்து போகிறது என்றால் அது சுற்றியிருப்பதை விசாரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாக்கு நின்று, தலை உடம்புக்குள் புதைந்தால் அன்றைய சந்திப்பு முடிந்தது. யார் எவ்வளவு கெஞ்சினாலும் முடிந்ததுதான். கழுத்து எஸ் வடிவத்தில் மடிந்து பார்வை ஒரே இடத்தில் குத்திட்டால் அது கடிக்கத் தயாராகிறது. அப்போது மனிதர்களைத்தான் முதலில் நகர்த்த வேண்டும், பாம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் பாம்பும் இதற்கு ஏற்றது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வந்தி துறுதுறு என்று இருந்தாலும் புதியவர்களிடம் சட்டென்று பழகும். முத்துவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர்தான் ஒத்துவருகிறது. ஒரு வயதுகூட ஆகாத குட்டியை வெளியே கொண்டுபோகவே வேண்டாம். வீட்டில் உங்கள் கையிலேயே இன்னும் சீறுகிற பாம்பு, தெருவில் திடீரென்று சாதுவாகிவிடாது.

கிளம்புவதற்கு முன்னால் நான் பார்க்கிற விஷயங்கள் சில உண்டு. இரை எடுத்து மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் தூக்கி அலைக்கழித்தால் விழுங்கியதைக் கக்கிவிடும், அதிலிருந்து தேறப் பல நாள் பிடிக்கும். கண்ணில் பால் படர்ந்தாற்போல நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே திரவம் சேர்வதால் அப்போது பார்வை மங்கலாக இருக்கும், எதைக் கண்டாலும் மிரளும். அந்த நாட்களில் வெளியே எடுப்பது அநியாயம். வானிலையும் முக்கியம். பாம்பு தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. முத்துவின் கூட்டில் சூடான பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25, 26. வெளியே 24-க்குக் கீழே போனால் கிளம்ப மாட்டேன். சுள்ளென்ற வெயில் இதைவிடப் பெரிய ஆபத்து. பாம்புக்கு வியர்க்காது, ஒதுங்க நிழல் இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே உடம்பு கொதித்துவிடும். வெயிலில் நிறுத்திய, மூடிய காருக்குள் அதை விட்டுவிட்டு 'ரெண்டு நிமிஷம்' என்று போவது அதைக் கொல்வதற்குச் சமம்.

கொண்டுபோவதற்குத் தையல் பிரியாத பருத்திப் பை. வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டு, காற்றுத் துளையுள்ள பூட்டுப் பெட்டிக்குள் வைப்பேன். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விட்டதால் செவ்வந்தி காரில் நழுவி இருக்கைக்கு அடியில் போய்விட்டது. இருக்கையைக் கழற்றி வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. காரை நகர்த்தினால் எங்கே நசுங்குமோ என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதன்பின் முடிச்சு, பூட்டு இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.

போகிற இடம் எது என்பதும் முக்கியம். பாம்பை வளர்க்க அனுமதி இருக்கும் இடத்தில்கூட, பொது இடத்துக்குக் கொண்டுவர அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உரிமம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடை, பேருந்து, ரயில், விமானம் என்றால் அதைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். பையில் மறைத்து எடுத்துப்போய் மாட்டிக்கொண்டால், பாம்பு வளர்க்கிற எல்லோர் மேலும் அந்தப் பழி விழும். பூங்காவில் புல் தரை என்றால் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்களா என்று விசாரிப்பேன். கயிறு இல்லாமல் நாய்கள் ஓடும் இடத்தில் பெட்டியைத் திறக்கவே மாட்டேன்.

ஒரு பள்ளி நிகழ்ச்சிக்கு அழைத்திருந்தார்கள். அமைதியான அறை வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியும், மேடை ஓரத்தில் ஆளுயர ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். பாம்புக்குக் காது கேட்காது என்பது அவர்கள் வாதம். வெளிக்காது கிடையாதுதான். ஆனால் தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது, காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். பெட்டிக்குள்ளேயே முத்து பந்தாகிவிட்டது. நூறு பிள்ளைகள் காத்திருந்தார்கள், எனக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது. சட்டையையும் முட்டை ஓட்டையும் காட்டி, அரை மணி நேரம் பேசிவிட்டு, பெட்டியைத் திறக்காமல் திரும்பினேன்.

இப்போது நான் பாம்போடு நடப்பதில்லை. ஒரே இடத்தில், முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருக்கும்படி உட்கார்ந்துகொள்கிறேன். முன்னால் 'பெட்டிக்குள் உயிருள்ள பாம்பு இருக்கிறது. பார்க்க விரும்பினால் கேளுங்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை. அதை எட்டத்திலேயே படித்துவிட்டு வேறு வழியாகப் போகிறவர்கள் நிறைய. அதற்குத்தான் அந்த அட்டை. கேட்டு வருகிறவர்களிடம், எங்கே நின்றால் உங்களுக்கு நிம்மதி என்று கேட்பேன். அவர்கள் அங்கே நின்ற பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். பாம்பை நான் யாரிடமும் கொண்டுபோவதில்லை. வருகிறவர்தான் ஒவ்வொரு அடியாக வர வேண்டும். ஒரு நண்பர் கூட இருப்பது மிகவும் உதவி. நான் பாம்பைப் பார்ப்பேன், அவர் மனிதர்களைப் பார்ப்பார். ஒரே ஆளால் இரண்டையும் பார்க்க முடியாது. பூங்காவில் அன்று என்னால் முடியவில்லை.

தொட விரும்பினால் உடம்பின் நடுப்பகுதியில், தலையிலிருந்து வால் பக்கமாக, இரண்டு விரலால். தலைக்கு மேலே கை வந்தால் பாம்பு வெடுக்கென்று பின்வாங்கும். அதன் கணக்கில் மேலிருந்து வருவது பருந்து. அதனால் தலை எப்போதும் என் பக்கம், உடம்பும் வாலும் அவர்கள் பக்கம். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்துத் தொடுகிறவர்கள் அது உலர்ந்து, பளபளவென்று, உள்ளே தசை நகர்வது விரலுக்குத் தெரியும்படி இருப்பதை உணர்ந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. தகவல்களை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கழுத்தில் போட்டுப் படம் எடுக்கக் கேட்பார்கள். முடியாது என்றுதான் சொல்கிறேன். ஒருவர் கழுத்தில் போட்டுவிட்டு அவர் திடீரென்று மிரண்டால் பாம்பு கீழே விழும், விலா எலும்பு நொறுங்கலாம். நண்பரைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறவர்கள், 'சும்மா தொடுடா' என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் வந்தால் உடனே பெட்டியை மூடிவிடுவேன். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டே நிற்கிற முகத்தை இப்போது எனக்கு நன்றாகவே அடையாளம் தெரியும். அதுவும் முத்து உறைந்தது போலத்தான்.

கை கழுவுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொட்ட பிறகு கழுவ வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பார்க்க நன்றாக இருக்கும் பாம்பின் உடம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், அதுவரை கையை வாயருகே கொண்டுபோகக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடாமல் பார்ப்பதே நல்லது. முத்தம் கொடுக்கக் கேட்கிறவர்களுக்குக் கண்டிப்பாக இல்லை. கைகழுவ வசதி இல்லாத இடத்தில் தொட விடுவதே இல்லை.

தொடுவதற்கு முன்னாலும் கழுவ வேண்டும் என்பதை ஒரு பையன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். எட்டு வயதிருக்கும். கை நீட்டியதும் செவ்வந்தியின் நாக்கு வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்து பாய்ந்து வந்தது, உடம்பு சட்டென்று நின்றது, கழுத்து மடிந்தது. அவன் கைக்கும் பாம்புக்கும் நடுவே என் முன்கையை நீட்டினேன், கடி எனக்கு விழுந்தது. விசாரித்தால், காலையில் வீட்டில் வளர்க்கும் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணியோடு விளையாடிவிட்டு நேரே வந்திருக்கிறான். அவன் கையில் இரையின் வாசனை. செவ்வந்தியின் மேல் தப்பே இல்லை. ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டால் இழுக்கக் கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் தோல் கிழியும், பல்லும் ஒடிந்து உள்ளே தங்கும். அது தானாக விட்டதும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்தப் பையன் அழத் தொடங்கியிருந்தான். "அதுக்கு என்னைப் பிடிக்கலையா அண்ணா?" என்றான். உன் கையை எலி என்று நினைத்துவிட்டது, நீ கழுவிவிட்டு வந்தால் தெரிந்துகொள்ளும் என்றேன். கழுவிவிட்டு வந்தான். அன்று மறுபடி தொட விடவில்லை. எட்டத்தில் உட்கார்ந்து, நாக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். ஐம்பது வரை எண்ணினான்.

நேரக்கணக்கில் நான் கறார். பெட்டிக்கு வெளியே இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. பிறகு பையில் இருட்டில் ஓய்வு. இன்னும் வரிசை நின்றாலும் அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொருவர் தன் பாம்பைக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துப் படம் எடுக்கலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உண்ணி ஒட்டிக்கொண்டு வந்தால் கூடு முழுக்கப் பரவும்.

பூங்காவில் தரையில் உட்கார்ந்துவிட்ட அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. அடுத்த வாரம் அவரைத் தேடிப்போய், வெறுங்கையோடு நின்று மன்னிப்புக் கேட்டேன். என் சட்டைப் பைகளையும் தோள்பையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசினார். சின்ன வயதில் பாம்பு கடித்து அண்ணனைப் பறிகொடுத்தவர். அதைக் கேட்டபோது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. எந்தக் கிழமையில், எந்த மரத்தடியில் நான் உட்காருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், அவர் அந்தப் பக்கம் வராமல் இருக்க வசதியாக.

நாலைந்து மாதம் கழித்து, எதிர்ப்பக்கத்தில் தூரத்து பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். நான் கையசைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் அங்கே வந்து உட்கார்ந்தார். ஒருநாள் எழுந்து கொஞ்சம் கிட்டத்து பெஞ்சுக்கு மாறினார். அதற்கு மேல் ஓரடி கூட வந்ததில்லை, தொட்டதும் இல்லை. பெயரை மட்டும் கேட்டார்.

போன வாரம் நான் பெட்டி இல்லாமல் போயிருந்தேன். அந்த பெஞ்சிலிருந்தே, "எங்கே முத்துவைக் காணோம்?" என்றார்.

"கண்ணில் பால் பூத்திருக்கிறது அம்மா, ரெண்டு மூணு நாளில் சட்டை உரிக்கும்" என்றேன்.

"சரி, தொந்தரவு பண்ணாதே. நல்லபடியா உரிக்கட்டும்" என்றார்.